உன் ஓட்டும் மாமன் பெயரும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், கடையும் சுகம், கடைக்குள் குடியிருக்கிற எலிகூடச் சுகம். நீ அங்கே கைகால் முழுசாக, வேளைக்குச் சாப்பிட்டு, ஈரமில்லாத சாக்ஸ் போட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். அப்படி இல்லையென்றால் பதிலில் முதல் வரியிலேயே எழுதிவிடு, கடைசிப் பக்கம் வரை என்னைத் தேட வைக்காதே. கடைசிப் பக்கம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, எனக்கு நீ எழுதுவதே ஒரு பக்கம், அதிலும் கால்வாசி தேதியும் படைப்பிரிவு எண்ணும். உன் மாமனுக்கு மட்டும் நாலு பக்கம், முன்னும் பின்னும், ஓரத்திலும் நெருக்கி எழுதி. எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? எடுத்த எடுப்பிலேயே சண்டையா என்று உன் அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்கிறாள். சண்டை இல்லை, பொறாமை. சொல்லிவிட்டேன். அறுபத்தொரு வயதில் மச்சான்மேல் பொறாமைப்படுவது வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வெட்கத்தைப் பார்த்தால் இந்தக் கடிதத்தை எழுத முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவள் நடப்பதெல்லாம் நம் வீட்டிலிருந்து அவள் அண்ணன் வீடு, அங்கிருந்து நம் வீடு. போர் வந்ததிலிருந்து செப்புக் கம்பி கடைகளில் கண்ணுக்கே தட்டுப்படுவதில்லை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து அதே கம்பியை நேராக்கி வார்னிஷ் பூசி மறுபடியும் சுற்றுகிறோம், எத்தனை நாள் ஓடும் என்று கேட்டால் வாங்குகிறவன் ராசி என்று சொல்லி அனுப்புகிறோம். என்னோடு வேலை பார்க்கும் நெட்டை இருக்கிறானே, அவன் வாய் மூடுவதே இல்லை, தேர்தல் தேர்தல் என்று காலையிலிருந்து ஆரம்பித்துவிடுவான். சுற்றுக்கு நடுவில் பேசினால் எண்ணிக்கை தப்பும் என்று உனக்குத் தெரியும், நீயே என் மடியில் உட்கார்ந்து எண்ணக் கற்றவள். போன வாரம் மாவு மில்காரர் மோட்டாருக்கு நாற்பது சுற்ற வேண்டிய இடத்தில் நாற்பத்தாறு சுற்றிவிட்டு முழுசையும் பிரித்தேன். அதற்கு நெட்டை காரணமில்லை. காரணம் நீ.

இங்கே யாரும் தலைவர்களைப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. இப்போது நாற்காலியில் இருந்து போரை நடத்துகிறவர் மீசை. நான் வந்தால் போரை நிறுத்திப் பேச்சுவார்த்தைக்கு உட்காருவேன் என்று அவரை எதிர்த்து நிற்கிறவர் கண்ணாடி. எல்லையில் இருப்பவர்கள் தங்கள் ஓட்டை வீட்டு மனிதர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம், அவர் பெயரை எழுதி அனுப்பினால் போதும் என்று போன மாதம் ரேடியோவில் சொன்னார்கள் இல்லையா, அன்றைக்கே உன் அம்மாவிடம் என் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைக்கச் சொன்னேன். அவள் எதற்கு என்று கேட்டாள். என் பெண் ஓட்டை நான் போடப்போகிறேன், அழுக்குச் சட்டையோடா போவது என்றேன். நீ யார் பெயரை எழுதுவாய் என்கிற கேள்வியே என் மண்டையில் வரவில்லை. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று யாராவது யோசிப்பார்களா.

திங்கட்கிழமை தேர்தல் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தோள்பையோடு கடைக்கே வந்தாள். உங்க பொண்ணு ஓட்டுக் கவர் வந்திருக்கு, போடப்போறவர் இங்க கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும்னு சொன்னாள். வார்னிஷ் கையைத் துடைக்கக்கூடப் பொறுமை இல்லாமல் அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் வளைத்து வளைத்துப் போட்டேன், காகிதத்தில் என் கட்டைவிரல் தடம் வேறு பதிந்துவிட்டது. கவரைப் பிரிக்கவில்லை. பிரிக்காமலே தண்டோரா போட்டேன். இந்தத் தடவை எனக்கு ரெண்டு ஓட்டு, ஒண்ணு சாதா, ஒண்ணு பட்டாளம், இனிமே என்கிட்ட மரியாதையாப் பேசணும் என்று நெட்டையிடம் சொன்னேன், மில்காரரிடம் சொன்னேன், எதிர்ச் சலவைக் கடை அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லோருக்கும் என் செலவில் டீ. மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது உன் அம்மா கவரைப் பிரித்தாள். படித்தாள். மறுபடியும் படித்தாள். எங்கண்ணன் பேருங்க என்றாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாட்டைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும். வாங்கிப் பார்த்தேன். முழுப் பெயர், ஓய்வு பெற்ற பதவி, உறவு என்ற இடத்தில் தாய்மாமன், எல்லாம் உன் கையெழுத்து. என் முகத்தில் ஈயாடவில்லை. சோற்றைப் பிசைந்து அப்படியே தள்ளி வைத்தேன்.

யோசித்துப் பார். உனக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லித்தந்தது யார்? நீ அங்கே ஜெனரேட்டரைத் திறந்து வைத்து, பொசுங்கின வாசனையை வைத்தே எந்தக் கம்பிச் சுருள் போயிருக்கிறது என்று சொல்கிறாயே, அது யார் கொடுத்த மூக்கு? உன் மாமன் இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தான், சரி. அதில் பதினெட்டு வருஷம் சாமான் கிடங்கில் சாவிக்கொத்தோடு போர்வை எண்ணிக்கொண்டிருந்தான், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவன் சீருடை போட்டவன், நான் லுங்கி கட்டினவன், அதுதானே வித்தியாசம் என்று வயிறு எரிந்தது. கவரைக் கொண்டுபோய்க் கடை மேசை இழுப்பறையில் கம்பிச் சுருள்களுக்கு அடியில் வைத்தேன். பூட்டவும் செய்தேன். இதைப் பற்றி நீ வாய் திறக்கக் கூடாது என்று ராத்திரி சாப்பிடும்போது உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் நான் எதுக்குத் திறக்கணும், அது உங்களுக்கும் உங்க பொண்ணுக்கும் உள்ளது என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வேண்டுமென்றே டயர் கடை வழியாகப் போனேன். அந்தக் கடை முன்னால் இருக்கிற பெஞ்சில்தான் உன் மாமனும் ஓய்வு பெற்ற அவன் கூட்டாளிகளும் தினம் உட்காருவார்கள். இந்த ஆட்கள் எந்தத் தலைவரைக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. எல்லாரும் மீசைக்குத்தான் கோஷம் போடுவார்கள் என்று நினைத்துப் போனேன், கதை அப்படி இல்லை. அணிவகுப்புச் சொல்லிக்கொடுத்த பெரியவர், அவரை எல்லோரும் லெஃப்ட்ரைட் என்பார்கள், போர் நடுவுல தலைவரை மாத்துனா புதுசா வர்றவருக்கு வரைபடம் பாத்துப் புரியவே ஆறு மாசம் ஆகும், அந்த ஆறு மாசத்துக்கு அங்க நிக்கிற பிள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது என்றார். முன்பு லாரி ஓட்டிக் கண்ணிவெடியில் ஒரு காலை விட்டுவிட்டு வந்தவர் ஒருவர் உண்டு, அவர் உடனே, எங்க காலத்துலயும் இதையேதான்யா சொன்னாங்க, மாத்தல, அந்த மாத்தாத ஆறு மாசத்துலதான் என் காலு போச்சு என்றார். உன் மாமன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தான். அமுக்குணி. நிச்சயம் மீசை ஆள்தான் என்று நானே முடிவு கட்டினேன், உன் ஓட்டையும் கொண்டுபோய் மீசைக்குக் குத்திவிடுவான் என்று ஒரு நியாயமும் கண்டுபிடித்துக்கொண்டேன். பொறாமைக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டால் அப்புறம் ராத்தூக்கம் நன்றாக வருகிறது, என்ன செய்ய.

வியாழக்கிழமை அவனே கடைக்கு வந்தான், கையில் உன் கடிதம். மச்சான், பாப்பா ஓட்டுக் கவர் உங்க விலாசத்துக்குத்தான் வரும்னு எழுதியிருக்கா, வந்துச்சா என்றான். இன்னும் வரலை மச்சான் என்றேன். பொய்தான். மேசை இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. நெட்டை என்னைப் பார்த்தான், நான் கம்பியைப் பார்த்தேன். உன் மாமன் நம்பிவிட்டான், அதோடு போயிருக்கலாம், படிச்சுப் பாருங்க, உங்களைப் பத்தியும் எழுதியிருக்கா என்று கடிதத்தை நீட்டினான். எனக்கு எழுதாத நாலு பக்கத்தையும் இன்னொருவனுக்கு முன்னால் நின்று படித்தேன்.

சமையற்காரர் இரண்டு டப்பா வைத்ததாகவும் ஒன்பது பேரும் ஆளுக்கொரு நட்டு போட்டதாகவும், மீசைக்கு ஐந்து கண்ணாடிக்கு நாலு விழுந்ததாகவும் எழுதியிருந்தாய். அடுத்த வாரம் தபால் வண்டி வராமல் போனதும் மறுபடி போட்டுப் பார்த்தால் அப்படியே புரண்டுவிட்டதாம், படித்து நானே சிரித்துவிட்டேன். உங்கள் கேப்டன் மட்டும் நட்டு போடவில்லை, யாரு வந்தாலும் அவர் கையெழுத்துப் போட்ட உத்தரவைத்தான் நான் உங்களுக்குப் படிக்கணும், எனக்கு டப்பா வேணாம் என்றாராம். நல்ல மனிதராக இருக்க வேண்டும், அவர்மேலும் எனக்குப் பொறாமைதான், தினமும் உன்னைப் பார்க்கிறார். ஆனால் வயர்லெஸ் பார்க்கிற அந்தப் பெண் சொன்னதாக ஒன்று எழுதினாயே, எண்ணி முடிக்கிற வரைக்கும் நாம இருந்தாப் பார்க்கலாம் என்று, அதை ஏன் எழுதினாய்? அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு நேரம் பிடித்தது. உன் மாமன் அந்த வரியில் நான் நிற்பதைக் கவனித்துவிட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்புறம்தான் நீ யாருக்கு என்று எழுதியிருந்தாய். மீசைக்கு. அவரை உனக்குப் பிடிக்காது, அவர் பேச்சைக் கேட்டால் ரேடியோவை அணைத்துவிடுவாய், ஆனாலும் அவருக்குத்தான். உங்கள் காவல் இடத்துக்குப் பின்னால் பன்னிரண்டு வீடு இருக்கிறது, நீ சரிசெய்த ஜெனரேட்டரில்தான் அவர்களுக்குத் தண்ணீர் ஏறுகிறது, கண்ணாடி வந்து பேச உட்கார்ந்தால் முதலில் உங்களைத்தான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இழுப்பார்கள், அவங்களை விட்டுட்டு என்னால வண்டி ஏற முடியாது மாமா என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழேதான் என்னைப் பற்றி. அப்பாகிட்ட குடுத்தா அவர் என் நல்லதுக்கு ஓட்டுப் போடுவார், நான் சொன்னதுக்குப் போட மாட்டார். நீங்க நான் சொன்னதைப் போடுவீங்க. அவ்வளவுதான் என்னைப் பற்றி. நாலு பக்கத்தில் இரண்டு வரி. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவளுக்கென்ன தெரியும் என்று சும்மா ஒன்று சொல்லி வைத்தேன். அன்று எண்ணிக்கை மூன்று தடவை தப்பியது.

சனிக்கிழமை உன் அம்மா துணி மடித்துக்கொண்டே, நாளைக்கு எங்கண்ணன் என்னை நேராக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தைத்தது. ஞாயிறு காலை வாக்குச்சாவடி வரிசையில்தான் கவரை உன் மாமனிடம் நீட்டினேன். நேத்து வந்துச்சு என்று இன்னொரு பொய். கவரில் இருந்த வார்னிஷ் கறையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நல்லவேளை மச்சான் என்று மட்டும் சொன்னான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன்.

நீ படித்த பள்ளிக்கூடத்தில்தான் சாவடி, மூன்றாம் வகுப்பு அறை, பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார்கள். அதிகாரியாக உட்கார்ந்திருந்தவர் நம் நூலகர்தான், ஆனால் நாற்காலி மாறினால் மனுஷன் குரலும் மாறிவிடும் போலிருக்கிறது. உன் மாமன் தன் ஓட்டைப் போட்டுவிட்டு உன் கவரை நீட்டினான். அவர் தன் காகிதக் கட்டிலிருந்து திங்கட்கிழமை ரசீதை எடுத்து ஒப்பிட்டார். ஒப்பிட்டுவிட்டு, பேரு உங்களது, வாங்கின கையெழுத்து உங்களது இல்லையே, வாங்கினவர் ஒருத்தர் போட வந்தவர் ஒருத்தர்னா இது செல்லாது என்றார். மூன்று பேருக்குப் பின்னால் நின்ற என் காதிலும் அது விழுந்தது. உன் மாமன் வாதாடவில்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், மேலே இருக்கிறவர் சொன்னால் விறைப்பாக நிற்பான். சட்டம்னா சரிதாங்க என்றான்.

இந்த இடத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன், நீ என்ன நினைத்தாலும் சரி. ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேண்டும் இவனுக்கு என்று இருந்தது. அதைவிடப் பெரிய சந்தோஷம், உன்னை அங்கேயே நிறுத்தி வைக்கிற ஒரு ஓட்டு குறைந்தது. நான் வாயைத் திறக்காமல் நின்றாலே போதும், என் கையால் ஒரு பாவமும் செய்ய வேண்டாம். அதற்குள் நூலகர் பட்டியலைத் திருப்பினார், உன் பெயர் இருக்கிற வரியில் அடிமட்டத்தை வைத்தார், காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தார். செல்லாத ஓட்டென்றால் பெயரை அடித்துவிடுவார்களாம், அது விதி. நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிந்த எனக்கு முன்னால், உன் பெயர்மேல் சிவப்புக் கோடு. நிறுத்துங்க என்று கத்திவிட்டேன். வகுப்பறை முழுக்க எதிரொலித்தது. போலீஸ்காரர் எழுந்துவிட்டார். அது என் கையெழுத்து, தப்பா நான்தான் போட்டேன், கோடு போடாதீங்க, அவ பேர் மேல கோடு போடாதீங்க என்று நான் மேசைவரைக்கும் போய்விட்டேன், பென்சிலைப் பிடித்துக்கொண்டதாகக்கூடச் சொல்கிறார்கள், எனக்கு நினைவில்லை.

நூலகர் மனுஷன்தான். உட்கார வைத்தார். விதியில் வழி இருக்கு, வாங்கினவரே தன் கையால எழுதி, ரெண்டு சாட்சி முன்னால சத்தமா வாசிச்சுக் கையெழுத்துப் போட்டா ஏத்துக்கலாம் என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இந்த வாக்காளர் தன் வாக்கைச் செலுத்த என்னை நியமிக்கவில்லை, என் மனைவியின் அண்ணனையே நியமித்திருக்கிறார், நான் தவறுதலாகப் பெற்றுக்கொண்டேன். மூன்று வரி. உனக்குப் பெயர் வைத்த அன்று பதிவு அலுவலகத்தில்கூட நான் இப்படி எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதவில்லை. சாட்சிக்கு யார் வந்தார்கள் என்று நினைக்கிறாய், மில்காரரும் சலவைக் கடை அம்மாவும். என் டீயைக் குடித்தவர்கள். அவர்களுக்கு முன்னால் நின்று என் பெண் என்னை நியமிக்கவில்லை என்று சத்தமாக வாசித்தேன். கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. சலவைக் கடை அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் உன் மாமன் எனக்காக நின்றான். அவன் ஓட்டுக்கு ஆள்காட்டி விரலில் மை, உன் ஓட்டுக்கு நடுவிரலில் மை. நான் கேட்காமலே சொன்னான், பாப்பா ஓட்டை அவ சொன்ன மாதிரியே மீசைக்குப் போட்டேன் மச்சான். என் ஓட்டைக் கண்ணாடிக்குப் போட்டேன். நான் போர்வை மட்டும் எண்ணலை, திரும்பி வராதவங்க போர்வையையும் எண்ணினவன், போதும் நிக்கட்டும் என்றான். அவன் ஓட்டை அவனே அடித்துவிட்டான், புரிகிறதா? மனதுக்குள் ஒன்று வைத்துக்கொண்டு, கையால் நீ சொன்னதைச் செய்துவிட்டு வந்து நிற்கிறான். என்னால் முடிந்திருக்காது. நானும் கண்ணாடிக்குத்தான் போட்டேன், உன்னிடம் சொல்லிவிட்டே போட்டதாக வைத்துக்கொள். உன் ஓட்டு என் கையில் இருந்திருந்தால் அதையும் சத்தியமாகக் கண்ணாடிக்குத்தான் போட்டிருப்பேன், போட்டுவிட்டு நீ சொன்னபடியே செய்தேன் என்று உனக்கு எழுதியும் இருப்பேன். நீ எழுதிய அந்த இரண்டு வரியும் உண்மை. அதனால்தான் இத்தனை எரிச்சல். நீ என்னை அவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறாய், உன்னைத் தெரிந்துகொள்ள நான் மச்சானிடம் கடிதம் இரவல் வாங்க வேண்டியிருக்கிறது.

முடிவு வர இன்னும் ஐந்து நாள். யார் வந்தாலும் நீ உன் வேலையைப் பார், அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் தண்ணீர் ஏறட்டும், மழையில் ஜெனரேட்டரைத் திறக்காதே, திறந்தால் வார்னிஷ் காய்கிற வரைக்கும் ஓட்டாதே. வயர்லெஸ் பெண்ணையும் சமையற்காரரையும் கேட்டதாகச் சொல். உன் அம்மா ஆசீர்வாதம் சொல்கிறாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டே சொல்கிறாள், அவளுடையதில் பாதியை உன் மாமன் வீட்டு வாசலிலேயே கொடுத்துவிட்டு வந்திருப்பாள், மீதி உனக்கு. என்னுடையது முழுசும் உனக்குத்தான், நீ நீண்ட நாள் நல்லபடியாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த தேர்தலுக்கு மாமன் பெயரையும் எழுதாதே, என் பெயரையும் எழுதாதே, எவன் பெயரையும் எழுதாதே. நீயே வந்து வரிசையில் என் பக்கத்தில் நில், நின்று எனக்கு எதிராகவே போடு.

இப்படிக்கு,
உன் அப்பா